கால்சட்டைக்குள் ஒரு குச்சி

1904 மே 28, சனி

பூங்கா இன்று திறந்தது. காலை முழுக்கத் தூறல். வந்த கூட்டத்தைவிட ஏரியில் வாத்துகள் அதிகம். டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்து முழங்கால் விறைத்ததுதான் மிச்சம்.

சின்ன ரயில் ஒன்பது நடை போய் வந்தது. எஞ்சின் ஓட்டும் டிம் மக்ளஸ்கி குளிர்காலத்தில் இன்னும் பெருத்துவிட்டான். எஞ்சினோ அவன் இடுப்பு உயரம்தான். கரிப்பெட்டி மேல் உட்கார்ந்து, இரண்டு முழங்காலையும் காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டுகிறான். பார்க்கிறவர்களுக்கு ரயில் அவனை இழுக்கிறதா, அவன் ரயிலை இழுக்கிறானா என்றே தெரியாது.

என் வீட்டுக்காரன் எம்லினுக்கு விரல் ஏழு. நேற்றும் ஏழு. அப்படியே இருக்கட்டும்.

மே 30, திங்கள்

விடுமுறை. கூட்டம் நெரிந்தது. முப்பத்திரண்டு நடை.

இந்த ஜன்னல் எனக்கு ஒரு தண்டனை. நேர் எதிரேதான் எம்லின் ரயில் பெட்டியை எஞ்சினோடு பூட்டும் இடம். டிராம் வாசலிலிருந்து ஏரிக்கரை வரை அரை மைல். இரண்டு முனையிலும் எஞ்சினைக் கழற்றி, சுற்றிக் கொண்டுவந்து, மறு பக்கத்தில் பூட்ட வேண்டும். ஆக ஒரு நாளைக்கு அறுபது தடவை என் வீட்டுக்காரன் குனிந்து, பெட்டி வாயில் தொங்கும் இரும்பு வளையத்தைக் கையால் தூக்கிப் பிடிக்கிறான். டிம் பின்னால் பார்க்காமலே எஞ்சினைப் பின்னால் விடுகிறான். எஞ்சினின் வாய் வந்து வளையத்தை விழுங்கும் நொடியில் கையை எடுத்துவிட வேண்டும். பிறகு மேலிருந்து ஆணியைப் போட வேண்டும். எடுக்கத் தாமதமானால், அல்லது டிம் தும்மினால், அவ்வளவுதான்.

பெரிய ரயிலில் பதினாறு வருடம் இதே வேலை செய்து மூன்று விரலைக் கொடுத்தவன். நான்கு வருடத்துக்கு முன் சட்டம் அமலுக்கு வந்தது: பெட்டிகள் மோதினால் தானே பூட்டிக்கொள்ளும் கொக்கி இருக்க வேண்டும், ஆள் நடுவில் போகக் கூடாது. நான் தேவாலயத்தில் மண்டியிட்டு நன்றி சொன்னேன். எம்லின் என்ன செய்தான்? வேலையை விட்டான்.

“பெட்டிங்க தானாவே கைகுலுக்கிக்குது மினா. நடுவுல நான் எதுக்கு? கல்யாணத்துக்குச் சாட்சியா?”

பிறகு தேடிப்பிடித்து, வளையமும் ஆணியும் இன்னும் மிச்சமிருந்த ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தான். வாத்துக் குளத்துக்குப் போகும் பொம்மை ரயில்!

மேலாளர் ஸ்டௌஃபரிடம் போய்ப் புதுக் கொக்கி கேட்டேன். “அந்தச் சட்டம் ஒரு மாநிலத்துலேருந்து இன்னொரு மாநிலத்துக்குப் போற ரயிலுக்கும்மா. நம்மது வாசல்லேருந்து வாத்துக்குப் போகுது” என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “தவிர, அவர் கையை விடுறதைப் பாக்கத்தான் பாதிக் கூட்டம் வருது” என்றார். நல்ல மனுஷன்தான். முட்டைக்கோஸ் ஊறுகாய் ஜாடியைத் தூக்கி அவர் தலையில் கவிழ்க்கலாம் என்று மட்டும் தோன்றியது.

ஜூன் 5, ஞாயிறு

தோட்டத்தில் அவரைக்கொடிக்கு முட்டுக் கொடுத்திருக்கும் குச்சியைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கை நீளத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். ஹிக்கரி என்ற கெட்டி மரம், நுனியில் இரும்புக் கொக்கி. பெரிய ரயில் கம்பெனி, பெட்டி பூட்டும் ஒவ்வொரு பிரேக்காரனுக்கும் கொடுத்தது. வளையத்தை இதால் தூக்க வேண்டும், கையை விட மாட்டேன் என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டது. கையெழுத்துப் போட்டதோடு சரி. ஒருவனும் அதைத் தொடவில்லை. குச்சி எடுத்தவனைத் ‘தையல்காரி’ என்று கூப்பிடுவார்களாம். அவர்களுக்குள்ளே விரல் குறையக் குறைய மரியாதை. பத்தும் இருக்கிறவன் பச்சைக் குழந்தை.

எம்லினிடம் மெதுவாகக் குச்சிப் பேச்சை எடுத்தேன்.

“அது அவரைக்குத்தான் லாயக்கு” என்றான்.

ஜூன் 14, செவ்வாய்

ஏழு. வெயில். டிம் எஞ்சின் மேல் உட்கார்ந்தே முழுத் தர்பூசணி ஒன்றைத் தின்று முடித்தான். அதற்குப் பிறகு எஞ்சின் மேடு ஏறவில்லை. இறங்கித் தள்ளச் சொன்னார்கள்.

ஜூன் 18, சனி

எழுத்து கோணலாக வருகிறது, பரவாயில்லை.

பாதிரியார் மனைவி மிசஸ் லைன்பாக் முதல் பெட்டியில் ஏறினார். ஊதாப் பாவாடை, கீழே மூன்று அடுக்குக் கொசுவம். அதில் ஒரு அடுக்கு பெட்டிக்கு வெளியே தொங்கியதை யாரும் பார்க்கவில்லை. எஞ்சின் வந்தது. வளையத்தோடு கொசுவமும் உள்ளே போயிற்று. எம்லின் ஆணியைப் போட்டான். பாதிரியார் மனைவியையும் எஞ்சினையும் சேர்த்துப் பூட்டியாகிவிட்டது.

அவர் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. “இருங்கம்மா, இதோ” என்று எம்லின் இடது கையை உள்ளே விட்டுத் துணியை இழுத்தான். அவர் “ஐயோ!” என்று கத்தினார். டிம்முக்கு முன்பக்கம் காது மந்தம், பின்பக்கம் சத்தம் கேட்கும், சொல் கேட்காது. கிளம்பச் சொல்கிறார்கள் என்று நினைத்து நீராவியைத் திறந்தான்.

துணி கிழிந்தது. எம்லினின் இடது கட்டைவிரல் நகம் போயிற்று. நகம் மட்டும்தான். நகம் மட்டும்தான் என்று இதோடு இருபது தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டுவிட்டேன்.

எஞ்சின் மாலை வரை அரை கஜம் ஊதாத் துணியைக் கொடி மாதிரிப் பறக்கவிட்டுக்கொண்டு ஓடியது. ஜனங்கள் கைதட்டினார்கள். ஸ்டௌஃபர், “தினமும் இப்படி ஒண்ணு கட்டலாமா?” என்று கேட்டார்.

ஜூன் 19, ஞாயிறு

தேவாலயம் போகவில்லை. மிசஸ் லைன்பாக் முகத்தில் எப்படி விழிப்பது?

சாப்பாட்டு மேஜையில் எம்லின் அந்த விரலைப் பெருமையோடு சுற்றிச் சுற்றிக் கட்டினான். எனக்குப் பொறுக்கவில்லை. சொல்லிவிட்டேன். பத்து வருடமாகப் பேசாததைச் சொன்னேன்.

என் தம்பி ஏமஸ் இப்படித்தான் நடுவில் போனான். இரண்டு சரக்குப் பெட்டிக்கு நடுவே. இருபத்துநாலு வயது. அவனைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தவனே எம்லின்தான். அப்படித்தான் எனக்கு இவனைத் தெரியும். அன்றைக்குக் கதவைத் திறந்தது நான். மறுபடி ஒரு தடவை அப்படிக் கதவைத் திறக்க என்னால் ஆகாது.

“இது பொம்மை ரயில் மினா...”

“பொம்மையா? பெட்டியில பதினாறு பேர் உக்காந்தா அது பொம்மையாடா? உன் கை பொம்மையா?”

டா போட்டுவிட்டேன். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவை. அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். பிறகு தோட்டத்துக்குப் போய், அவரைக்கொடியிலிருந்து குச்சியை உருவிக்கொண்டு வந்தான். கொடி சரிந்து விழுந்தது. வேதாகமத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தான்: இனிக் குச்சியால்தான். ஆனால் யார் கண்ணிலும் படாமல்.

ஜூன் 22, புதன்

‘யார் கண்ணிலும் படாமல்’ என்றால் என்ன என்று இன்று புரிந்தது.

குச்சியைக் கால்சட்டைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்கு வந்தான்! இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை. இடது கால் மடங்காது. அடி எடுத்து வைத்தால் வேலிக்கம்பு நடந்து வருகிற மாதிரி இருக்கிறது. எஞ்சின் வரும்போது கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, கோட்டை விரித்து மறைத்துக்கொண்டு, குச்சியை உருவி, வளையத்தைத் தூக்கி, ஆணியைப் போட்டு, மறுபடி உள்ளே சொருகிவிடுகிறான். டிம் திரும்பிப் பார்க்கிற ஜாதி இல்லை. வேறு யாரும் கவனிக்கவில்லை.

நான் ஜன்னலுக்குள் குனிந்து குனிந்து சிரித்தேன். சில்லறை கொடுக்க மறந்து ஒருவர் திட்டினார்.

ஜூலை 4, திங்கள்

பட்டாசு, புழுதி, நாற்பத்தைந்து நடை. ஏழு!

ஒரு விபரீதம். எம்லின் நொண்டுவதை ஊர் கவனித்திருக்கிறது. மிசஸ் லைன்பாக் ஜன்னலுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “உங்க வீட்டுக்காரருக்கு ஒரு கால் மரக்கால்னு எனக்குத் தெரியாமப் போச்சே. அன்னைக்கு அந்தக் காலோட குனிஞ்சு என்னைக் காப்பாத்தினாரே!” என்று கண்ணைத் துடைத்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே நேராக எம்லினிடம் போனார். என்ன நினைத்தாரோ, குடைப்பிடியால் அவன் தொடையில் மெதுவாகத் தட்டினார். டொக் என்றது. மரம்தானே உள்ளே இருக்கிறது!

“பாவம்” என்றார்.

சாயங்காலம் ஒரு ஆப்பிள் கேக் வந்தது. பாதிரியார் வீட்டிலிருந்து. எம்லின் மூன்று துண்டு சாப்பிட்டான்.

“நீ ஏன் இல்லைன்னு சொல்லலை?”

“நான் எப்ப ஆமான்னு சொன்னேன்? அவங்களா தட்டினாங்க, அதுவா சத்தம் போட்டுது.”

ஜூலை 10, ஞாயிறு

பாதிரியார் பிரசங்கத்தின் முடிவில் ‘நம்மிடையே இரும்புப் பாதைக்குத் தன் அங்கத்தைக் கொடுத்த சகோதரருக்காக’ ஜெபம் செய்தார். எம்லின் தலையைக் குனிந்துகொண்டான். பக்தி என்று எல்லாரும் நினைத்தார்கள். நான் அவன் பாதத்தை அழுத்தி மிதித்தேன். இடது பாதம். முகம் மாறாமல் இருந்தான், மரம் இல்லையா!

ஜூலை 12, செவ்வாய்

இன்று சிரித்ததில் விலா வலிக்கிறது.

பிலடெல்பியாவிலிருந்து ஒரு மரக்கால் வியாபாரி வந்தார். வயலின் பெட்டி மாதிரி ஒரு பெட்டி. திறந்தால் உள்ளே பட்டுத்துணி மேல் ஒரு கால், மினுமினுவென்று, முட்டியில் பித்தளைக் கீலோடு. நம்ம ஊரில் யாரோ நொண்டுகிறார் என்று கேள்விப்பட்டு அவ்வளவு தூரம் வந்திருக்கிறார், பாவம்.

“உங்களது ரொம்பப் பழைய மாடல் சார். முட்டி மடங்கவே இல்லையே. இதைப் பாருங்க, மண்டி போடலாம், வால்ட்ஸ் ஆடலாம். ஒரு பாராட்டுக் கடிதம் எழுதிக் குடுத்தீங்கன்னா சும்மாவே தர்றேன்.”

“எனக்கு இதுவே பழகிடுச்சுங்க.”

“சும்மா ஒரு அளவு எடுத்துக்கிறேன் சார். வலிக்காது. காலைக் கழட்டி என்கிட்ட குடுங்க போதும்.”

டேப்போடு குனிந்தார். எம்லின் ஒரு அடி பின்வாங்கினான். அவர் ஒரு அடி முன்னால் வந்தார். அப்புறம் எம்லின் ஓட ஆரம்பித்தான். தண்டவாளத்தோடு, பம்ப் வீட்டைச் சுற்றி, வாத்துகளைக் கலைத்துக்கொண்டு, ஒரு கால் விறைப்பாக, ஆனால் அசாத்திய வேகத்தில்! வியாபாரி டேப்பை நழுவவிட்டு அப்படியே நின்றுவிட்டார்.

என் ஜன்னலுக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது. “அம்மா, அந்தக் காலைச் செஞ்சவர் யாரு? தயவுசெஞ்சு அவர் விலாசம் குடுங்க!”

ஜூலை 23, சனி

சிரித்தது போதும்.

ஸ்டௌஃபர் சுவரொட்டி அடித்துவிட்டார். டிராம் நிறுத்தம் முழுக்க ஒட்டியிருக்கிறது. ‘ஹெம்லக் ஏரியின் இரும்பு வீரர்! ரயிலுக்கு மூன்று விரலும் ஒரு காலும் கொடுத்தவர்! இன்றும் வெறுங்கையால் பெட்டி பூட்டுகிறார்! வந்து பாருங்கள்!’ கீழே ஒரு படம். எம்லின் மாதிரி இல்லை; மீசை வைத்த ஆடு மாதிரி இருக்கிறது.

கூட்டம் இரட்டிப்பு. எல்லாரும் கிட்டே வந்து பார்க்கிறார்கள், அதனால் எம்லினுக்குக் குச்சியை எடுக்க இடமே இல்லை. இன்று இரண்டு தடவை கையை விட்டான். நான் பார்த்தேன். அவன் நான் பார்ப்பதைப் பார்த்தான்.

சத்தியம் செய்தாயே எம்லின்?

ஆகஸ்ட் 9, செவ்வாய்

பிரேக்காரர் சங்கத்திலிருந்து கடிதம். இந்த வருடச் சுற்றுலா நம் பூங்காவில்தானாம், ஆகஸ்ட் 20. நாற்பது பேர், குடும்பத்தோடு. எல்லாரும் எம்லினோடு பெரிய ரயிலில் இருந்தவர்கள். கையெழுத்து டோபியஸ் க்ரெப்ஸ். எம்லினுக்கு மேஸ்திரியாக இருந்தவர். இரண்டு கைக்கும் சேர்த்து நாலு விரல். அவர்கள் கணக்குப்படி அவர் பிஷப்.

எம்லின் கடிதத்தை மூன்று தடவை படித்தான். “டோபியஸுக்கு எனக்கு ரெண்டு கால்னு தெரியுமே” என்றான். அப்புறம், “குச்சியைப் பாத்தா...” என்று நிறுத்திவிட்டான். எந்த விஷயம் அவனுக்குப் பெரிய பயம் என்று கேட்டேன். பொய் வெளிவருவதா, குச்சி வெளிவருவதா?

“ரெண்டாவதுதான்” என்றான். யோசிக்கவே இல்லை.

ஆகஸ்ட் 19, வெள்ளி

மாலை. எம்லின் வாசலில் உட்கார்ந்து, ஏற்கெனவே பளபளப்பாக இருக்கும் பூட்ஸைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். பத்து நாளாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

போய்ச் சொன்னேன். நாளை ஒரு நாள் குச்சி வேண்டாம், வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்று. பொய். ஆனால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த நாற்பது பேர்தான் அவனுக்கு ஊர், உலகம் எல்லாம். அவர்கள் முன்னால் அவன் தையல்காரி ஆனால் எனக்கு மட்டும் என்ன சந்தோஷம்?

“நெஜமாவா சொல்ற?” என்றான்.

“நெஜமா.”

உள்ளே வந்து அடுப்பைத் துடைத்தேன். சுத்தமான அடுப்பை.

ஆகஸ்ட் 20, சனி

எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு எனக்கே நம்பிக்கை வராது.

காலையில் எம்லின் எனக்கு முன்பே கிளம்பிவிட்டான். அதனால் நொண்டுகிறானா இல்லையா என்று பார்க்க முடியவில்லை. தோட்டத்துப் பக்கம் போய்க் குச்சி இருக்கிறதா என்று தேடவும் எனக்கு மனசு வரவில்லை.

பத்து மணிக்கு டிராமில் வந்து இறங்கினார்கள். தேவாலயத்துக்குப் போடும் நல்ல சட்டை, கையில் பிரெட்சல் ரொட்டி, குழந்தைகள், தொப்பிகள். டிக்கெட் வாங்க ஒவ்வொரு கையாக ஜன்னலுக்குள் வந்தது. அந்தக் கைகளை நான் எழுதப் போவதில்லை.

டோபியஸ் சுவரொட்டியைப் பார்த்தார். உரக்கப் படித்தார். பிறகு எம்லினைப் பார்த்தார்.

“டேய் எம்லின் ப்ராசர்! மார்ச் மாசம் எம் பொண்ணு கல்யாணத்துல ரெண்டு காலாலயும்தானே ஆடின? ஒண்ணு எப்படா போச்சு?”

“காட்டுடா காலை!” என்று இன்னொருவர். நாற்பது பேரும் சிரித்தார்கள். எம்லின் பீட்ரூட் மாதிரி ஆகிவிட்டான். ஸ்டௌஃபர் சத்தமில்லாமல் எலுமிச்சைச் சாறு கடைக்குப் பின்னால் போனார்.

அந்த நேரம் பார்த்து டிம் எஞ்சினைப் பின்னால் விட்டுக்கொண்டு வந்தான். எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். “காலை விடு! கையைக் காட்டு ப்ராசர்! இந்த ஊர்க்காரங்க பாக்கட்டும்!” என்று தாளம் போட்டுக் கைதட்ட ஆரம்பித்தார்கள்.

எம்லின் குனிந்தான். வளையத்தைக் கையால் பிடித்தான். எஞ்சின் இருபது அடி இருக்கும். நான் ஜன்னல் கதவை இழுத்து மூடிவிட்டேன். பிறகு திறந்தேன். ஏமஸுக்கும் நான் பார்க்காத நேரத்தில்தான் ஆயிற்று.

திறந்தபோது எம்லின் நிமிர்ந்திருந்தான். ஒரு கையைத் தூக்கி எதையோ காது கொடுத்துக் கேட்கிற மாதிரி நின்றான். அப்புறம் கோட்டுப் பொத்தானைக் கழற்றி, அத்தனை பேர் முன்னாலும், இடுப்பில் கையை விட்டுக் குச்சியை இழுத்தான்.

இழுத்தவன் சரியாக இழுக்கக் கூடாதா? நுனிக் கொக்கி கால்சட்டைப் பட்டையில் மாட்டிக்கொண்டது. வெடுக்கென்று இழுத்தான். குச்சி வந்தது, பட்டையும் வந்தது. ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் குச்சியை நீட்டி வளையத்தைத் தூக்கினான். எஞ்சின் வந்து விழுங்கியது. இனி ஆணி போட வேண்டும். குச்சியைக் கீழே விட்டால் வளையம் சரியும். ஆணிக்கு இன்னொரு கை வேண்டும். அந்தக் கையில்தான் கால்சட்டை இருந்தது.

கால்சட்டையை விட்டுவிட்டான்.

ஆணி டங் என்று விழுந்தது. நாற்பது பிரேக்காரர்களும், அவர்கள் குடும்பமும், மிசஸ் லைன்பாக்கும், என் வீட்டுக்காரனின் இரண்டு கால்களையும் முழுசாகப் பார்த்தார்கள். சிவப்புக் கம்பளி உள்ளாடையில். ஆகஸ்ட் மாதத்தில்!

அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. ஒருவர் புல்லில் விழுந்து புரண்டார். டிம் மட்டும் திரும்பாமல், “கிளம்பலாமா?” என்று கத்திக்கொண்டிருந்தான். மிசஸ் லைன்பாக் சிரிக்கவில்லை. “கடவுளே, கால் முளைச்சிருக்கு” என்றார். அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

“தையல்காரி!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். எம்லின் கால்சட்டையைத் தூக்கிக் கட்டிக்கொண்டான். குச்சியை மறைக்கவில்லை. குரல் வந்த பக்கம் பார்த்து, “ஆமாண்டா” என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

டோபியஸ் முன்னால் வந்தார். அவர் குச்சியைப் பிடுங்கி அடிப்பாரோ என்று நான் பயந்தேன். “குடு பாக்கலாம்” என்றார்.

குச்சியைத் தன் நாலு விரலால் பிடித்துப் பார்த்தார். டிம்மை முன்னால் போகச் சொல்லி, எம்லினை ஆணியை எடுக்கச் சொல்லி, மறுபடி பின்னால் வரச் சொன்னார். எஞ்சின் வந்தது. கொக்கியால் வளையத்தைத் தூக்கினார். வளையம் எஞ்சின் வாய்க்குள் போயிற்று. ஆணியைப் போட்டார். குச்சி பிடித்த கை இரண்டடி தள்ளியே இருந்தது.

வெகு நேரம் அந்த வளையத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சிரிப்பு அடங்கிவிட்டது.

“இவ்வளவுதானா?” என்றார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. “இவ்வளவுதானாடா இது?”

அப்புறம் அடுத்தவர் கை நீட்டினார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். வரிசை கட்டிவிட்டார்கள். டிம் முன்னால் போனான், பின்னால் வந்தான், முன்னால் போனான், பின்னால் வந்தான். மதியம் வரை ரயில் வாசலைவிட்டு நகரவில்லை. டிக்கெட் வாங்கியவர்கள் என்னிடம் வந்து கத்தினார்கள். இருங்க, பெரியவங்க விளையாடி முடிக்கட்டும் என்றேன்.

ஆகஸ்ட் 21, ஞாயிறு

ஏன் எடுத்தாய் என்று கேட்டேன். நான்தான் வேண்டாம் என்று சொல்லியிருந்தேனே?

“வச்சுக்கிட்டுதான் வந்தேன், எதுக்கும் இருக்கட்டும்னு. எடுக்கறதா இல்லை.” ரொட்டியை வெண்ணெய் தடவாமலே தின்றுகொண்டிருந்தான். “அவங்க கைதட்டினாங்கல்ல? குனிஞ்சிருந்தப்ப கேட்டேன். நாப்பது பேர் தட்டற சத்தமா அது, மினா? பத்துப் பேர் தட்டற மாதிரிகூட இல்லை. விரல் இருந்தாத்தானே சத்தம்.”

நான் எழுந்து அவன் தலையைப் பிடித்துக்கொண்டேன். காபி ஆறிவிட்டது.

செப்டம்பர் 5, திங்கள்

கடைசி விடுமுறைக் கூட்டம். ஸ்டௌஃபர் சுவரொட்டிகளைக் கிழித்துவிட்டுப் புதிதாக அடித்திருக்கிறார்: ‘நீங்களே பெட்டி பூட்டிப் பாருங்கள்!’ ஆறு குச்சி, சிவப்பு வர்ணம் அடித்தது. எம்லினை வேலையைவிட்டு அனுப்புவார் என்று இரண்டு வாரமாகத் தூங்காமல் இருந்தேன். அந்த மனுஷன் என்னிடம் வந்து, “உங்க வீட்டுக்காரர் பெரிய கலைஞர்மா. அந்தக் கால்சட்டை விழுற கட்டம், அதைத் தினமும் செய்வாரா?” என்கிறார்.

அவரைக்கொடிக்கு வேறு முட்டு வைத்தேன். காய்ப்பு போய்விட்டது, ஆனாலும்.

1905 ஏப்ரல் 27, வியாழன்

இந்த வருடம் இரண்டாவது ரயில். அதற்கு ஒரு பிரேக்காரர் வேண்டும். ஜன்னலுக்கு வெளியே மேஜை போட்டு ஸ்டௌஃபரும் எம்லினும் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேர் வந்தார்கள்.

முதல் ஆள் பெயர் சொல்வதற்கு முன்பே இரண்டு கையையும் மேஜை மேல் விரித்து வைத்தார். எட்டு. இரண்டாமவருக்கு ஆறு. ஸ்டௌஃபருக்கு முகமெல்லாம் வெளிச்சம். “இவர்தான்யா அனுபவசாலி!” என்று எம்லினை முழங்கையால் இடித்தார்.

மூன்றாவது ஆள் பீட்டர் யோஸ்ட் என்று ஒருவர், முப்பத்தைந்து வயது இருக்கும். கையைக் கோட்டுப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. எம்லின் கேட்டபிறகு எடுத்தார். பத்தும் இருந்தன. அவர் காது வரை சிவந்துபோனார்.

“மன்னிக்கணுங்க. பதினோரு வருஷம் வேலை பாத்திருக்கேன். சத்தியமா பாத்திருக்கேன்.”

ஸ்டௌஃபர் சிரித்தார். “கையைப் பாருய்யா ப்ராசர். ஒரு கீறல்கூட இல்லை!”

“அதைத்தாங்க பாத்துக்கிட்டிருக்கேன்” என்றான் எம்லின். யோஸ்டிடம் திரும்பி, “நாளைக்கு ஏழு மணிக்கு வந்துடுங்க” என்றான்.

நான் ஜன்னலை மூடிவிட்டுக் கொஞ்சம் அழுதேன். டிம் பார்த்துவிட்டு, “வெங்காயமா?” என்றான். ஆமாம் என்றேன்.

யோஸ்டுக்கு வேலைத் தொப்பி அளவு ஏழேகால், கேட்டுக்கொண்டேன். காலையில் மறக்காமல் எடுத்து வைக்க வேண்டும்.